முழு வீடு

விருந்துக்கும் காப்பிப் பலகாரத்துக்கும் நடுவில்
இரண்டரை மணி நேரம் கிடந்தது.
நூற்றுப்பத்துப் பேரும் தூங்கிவிடக் கூடாது,
பழைய பேச்சையும் எடுத்துவிடக் கூடாது,
நீதான் பார்த்துக்கணும் என்று
என் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

பள்ளத்தூர். சித்தப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி.
ஓமப்புகை இன்னும் வளவை விட்டுப் போகவில்லை.

முதலில் மியூசிக்கல் சேர்.
நாற்காலி போதாமல்
பந்திப்பாயை மடித்து மடித்துப் போட்டேன்.
காது மெஷினை அறையிலேயே வைத்துவிட்டு வந்த ஏகப்பண்ணன்
பாட்டு நின்ற பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார்.
அவரே ஜெயித்தார்.
உட்கார்ந்தவர்களில் ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்து, சித்தப்பச்சியின் கண்ணைக் கட்டி
ஏழு பெண்களின் கையை நீட்டவைத்தேன்.
சின்னாத்தா கை எது?
வளையல், மோதிரம் எல்லாம் கழற்றியாச்சு.
நாலாவது கையில் நின்றார்.
"இதுதான். தொட்டதும் தட்டிவிடுது."

பிறகு தம்போலா.
ஆளுக்கொரு சீட்டு, அடையாளம் வைக்கப் புளியங்கொட்டை.
பேனா கொடுக்கவில்லை.
வட்டிக்குக் கொடுத்துப் பழகிய கூட்டம்,
வாங்கினதைத் திருப்பிப் பழக்கமில்லை.

மைக்கில் இங்கிலீஷ் வேண்டாம் என்றார் பெரியப்பச்சி.
ஆகவே முந்தி ஐந்து, மேல்வரி, நடுவரி, கீழ்வரி,
பதினைந்தும் நிரம்பினால்
முழு வீடு.

முப்பத்தாறு என்றேன்.
"வருஷத்துக்கா?" என்றார் சாத்தப்ப அம்மான்.
ஒன்பது என்றதும்
நகரக்கோயில் ஒன்பதையும் ஒப்பிக்கத் தொடங்கினாள்
கோட்டையூரிலிருந்து வந்த சிகப்பி.
பிள்ளையார்பட்டி வந்ததும் கும்பிட்டு நிறுத்தினேன்.
சிங்கப்பூர்ப் பெண்ணுக்குத் தமிழில் எண் தெரியாது;
பக்கத்து மடியைப் பார்த்துப் பார்த்துக் கொட்டை வைத்தது.
மேல்வரி அதற்குத்தான்.

ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது.
தூணோரம் தண்ணீர்ச் சொம்புகளோடு நின்ற
ராக்கப்பனிடம் நீட்டியிருந்தேன்.
இடுப்பில் சாவிக்கொத்து,
குனிந்தால் அதுவும் கூடவே குனியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் வீட்டுக்குப் பதினேழு பங்கு.
வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை,
அதையும் வீடு என்றுதான் சொல்வோம்,
ஆளுக்கொரு பூட்டு.
கூரையில் ஓடு மாற்றப்
பதினேழு கையெழுத்து வேண்டும்.
மூவர் வெளிநாட்டில், ஒருவர் கோபத்தில்,
இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று
ஆறு வருஷம் ஆகிறது.
மழைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது,
இரண்டாங்கட்டில் நேராக இறங்கும்.

நாற்பத்தொன்று என்றேன்.

"முழு வீடு."

குரல் தூணோரத்திலிருந்து வந்தது.
மின்விசிறிகள் மட்டும் ஓடின.
"யாருக்கு?"
"எனக்குத்தாங்க."
"எது?"
"முழு வீடும்."

பெரியப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
பேரேட்டைப் பார்ப்பதுபோல்
ஒவ்வோர் எண்ணாக, விரல் வைத்து, இரண்டு தடவை.
"சரியாத்தான் இருக்கு" என்று
சீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது
முதலில் சிரித்தது சித்தப்பச்சி.
அப்புறம் வளவே உடைந்தது.
"எழுதிக் குடுத்திருவோம்டா!"
"பத்திரத்தை எடு!"
"ஸ்டாம்புச் செலவு யாரு?"
எட்டு வருஷமாகப் பேசாத இரண்டு பங்காளிகள்
ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்,
ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு
வேறு வேறு தூணைப் பார்த்தார்கள்.

பரிசு ஐந்து லிட்டர் குக்கர்.
ராக்கப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
ஏதோ முணுமுணுத்தான்.
மைக்கை அவன் வாயருகே கொண்டுபோனது என் தப்பு.

"அப்ப, ஓட்டை மாத்திரவாங்க?"

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
நல்லவேளை, காப்பி வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் போன் பண்ணினேன்.
குக்கர் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன்.
"இரண்டாங்கட்டுல இருக்குங்க.
வாளி பத்தலை."